61 நாள் விட்ட பீடி ஒரே ராத்திரியில ஏன் திரும்பி வருது? நிக்கோட்டினும் மூளை ரிசப்டரும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊரு பாம்பன். மருந்தியல் படிச்சுட்டு கொஞ்ச வருசம் லேப்ல எலிகளோட வேலை பார்த்தவ. எங்க பெரியப்பா விசைப்படகுல 30 வருசம் கடலுக்குப் போனவுக, ஒரு தடவை மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் பீடியைத் தொடவே இல்ல, வீடே சந்தோசமா இருந்துச்சு, ஜூன் 15 விடியக்காலம் படகு ஏறுனாக, பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள ஒண்ணு பத்த வச்சுட்டாக, ஒரே வாரத்துல பழையபடி ரெண்டு கட்டு. வீட்டுல எல்லாரும் ஏசுனோம். நானும் ஏசுனேன், இத்தனைக்கும் இதைத்தான் நான் படிச்சிருக்கேன். அது இன்னும் உறுத்துது. அதனால லீவுக்கு ஊருக்கு வர்றப்ப எல்லாம் சனம் என்கிட்ட கேட்டதையும் நான் சொன்னதையும் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன்.

சென்சிடைசேஷன்னு சொல்றியே, அது என்ன? பழகப் பழக மரத்துத்தானே போகணும்?

மரத்துப் போறதும் உண்டு, அதுக்கு டாலரன்ஸ்னு பேரு. முதல் பீடி குடிச்சப்ப வந்த தலைச்சுத்தல், குமட்டல் எல்லாம் பத்தாவது பீடிக்கு வராது பாருங்க, அது டாலரன்ஸ். ஆனா அதே நேரத்துல இன்னொண்ணு எதிர்த்திசையில வளருது. ஒவ்வொரு தடவையும் அதே அளவு மருந்துக்கு உடம்பு முன்னை விட கூடுதலா பதில் சொல்லுது, அதுதான் சென்சிடைசேஷன்.

லேப்ல இதைக் கண்ணால பார்க்கலாம். ஒரு எலிக்கு முதல் நாள் நிக்கோட்டின் ஊசி போட்டா சுருண்டு உட்கார்ந்துக்கும், நடக்கவே தடுமாறும். தினம் ஒரு ஊசி, இல்லைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரம் பத்து நாள் இப்படியே போனா அந்த சுருளல் போயிடும், அதுக்கு அப்புறம் அதே ஊசி போட்டா கூண்டை சுத்தி சுத்தி ஓடும், கூண்டுல இருக்கிற ஒளிக்கதிரை எத்தனை தடவை வெட்டுதுன்னு மிஷின் எண்ணும், அந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். பல நாள் ஊசியை நிறுத்தி வச்சுட்டு மறுபடி ஒண்ணே ஒண்ணு போட்டாலும் முதல் நாள் எலி மாதிரி சுருளாது, விட்ட இடத்துல இருந்தே ஓடும். இதை முதல்ல பார்த்த அன்னைக்கு எனக்கு பெரியப்பா ஞாபகம் வரல, பல வருசம் கழிச்சுத்தான் வந்துச்சு.

இன்னொண்ணு முக்கியம். விட்டு விட்டு குடுத்தாத்தான் இது நல்லா ஏறும். உடம்புக்குள்ள சின்ன பம்ப் வச்சு ராப்பகலா ஒரே சீரா நிக்கோட்டின் விட்டா எலி அப்படி ஓடாது, ஓட்டம் அமுங்கித்தான் போகும்.

ரிசப்டர்னா என்ன, அதுல ஏன் இத்தனை வகை?

நரம்பு செல்லோட தோல்ல இருக்கிற கதவுன்னு வச்சுக்கோங்க. அஞ்சு விரலையும் குவிச்சுப் பிடிச்சா நடுவுல ஒரு சின்ன ஓட்டை வருமே, அந்த மாதிரி அஞ்சு புரதத் துண்டு சேர்ந்து நிக்கும், நடுவுல வழி. அசிட்டைல்கோலின்னு நம்ம உடம்பே ஒரு ரசாயனம் செய்யுது, அது வந்து ஒட்டுனா வழி திறந்து சோடியம், கால்சியம் எல்லாம் உள்ள போகும். நிக்கோட்டின் அதோட சாயல்ல இருக்கிறதால அதே கதவைத் திறந்துடுது. அதனாலதான் இதுக்கு நிக்கோட்டினிக் ரிசப்டர்னு பேரு.

வகை எங்க வருதுன்னா அந்த அஞ்சு துண்டுல. நரம்புல மட்டும் ஆல்ஃபா2-ல இருந்து ஆல்ஃபா10 வரைக்கும், பீட்டா2-ல இருந்து பீட்டா4 வரைக்கும் துண்டு இருக்கு. ஆல்ஃபா4-ம் பீட்டா2-ம் கலந்து நின்னா ஒரு வகை, மூளையில அதிகமா இருக்கிறது இதுதான், நிக்கோட்டினைக் கொஞ்சமே கொஞ்சம் காட்டுனாலும் பிடிச்சுக்கும். அஞ்சும் ஆல்ஃபா7-ஆவே நின்னா வேற வகை, அதுக்கு நிக்கோட்டின் நிறைய வேணும், ஆனா திறந்துச்சுன்னா கால்சியத்தை அள்ளி உள்ள விடும். ஆல்ஃபா6 இருக்கிற வகை பெரும்பாலும் டோபமைன் செய்யுற செல்லுலயே குந்தியிருக்கும், டோபமைன்ங்கிறது ஒண்ணை மறுபடி மறுபடி தேட வைக்கிற மூளை ரசாயனம். ஒரே பீடிதான், ஆனா மூளைக்குள்ள அது தட்டுற கதவு வேற வேற, ஒவ்வொண்ணுக்கும் பின்னால நடக்கிறதும் வேற வேற.

இதுல எந்த வகைதான் ஓட வைக்குது? அதை எப்படி கண்டுபிடிச்சாங்க?

ஒரு கதவை அடைச்சுட்டு என்ன ஆகுதுன்னு பார்க்கிறதுதான் வழி. பீட்டா2 ஜீனையே எடுத்துட்ட எலிகளை உருவாக்குனாங்க. மரினா பிச்சியோட்டோ குழு 1998-ல காட்டுனது என்னன்னா, சாதா எலி நிக்கோட்டினுக்காக திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், பீட்டா2 இல்லாத எலி கொஞ்ச நேரத்துல ஆர்வம் போய் விட்டுடும், நிக்கோட்டின் குடுத்தாலும் அதுக்கு டோபமைன் ஏறல. 2005-ல இன்னொரு குழு அப்படிப்பட்ட எலியோட மூளையில ஒரே ஒரு இடத்துல மட்டும், விடிஏன்னு சொல்ற டோபமைன் ஊத்துக்கண்ணுல, வைரஸ் வழியா பீட்டா2-வைத் திருப்பி வச்சாங்க. எலி மறுபடி நிக்கோட்டினைத் தேட ஆரம்பிச்சுடுச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி 2004-ல வந்தது. இவங்க கதவை அடைக்கல, அதுக்குப் பதிலா ஆல்ஃபா4 துண்டுல ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாத்தி கதவை ரொம்ப லேசா திறக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க. மத்த எந்த வகையும் கண்டுக்காத அளவுக்கு துளி நிக்கோட்டின் குடுத்தாங்க, அதாவது ஆல்ஃபா4 இருக்கிற ரிசப்டர் மட்டும்தான் திறக்கும். அதுக்கே இன்பம், டாலரன்ஸ், சென்சிடைசேஷன் மூணும் வந்துடுச்சு. மூணுக்கும் அந்த ஒரு வகை திறந்தாலே போதும்ங்கிறது அப்பதான் நேரடியா தெரிஞ்சுது.

மருந்து வச்சும் அதேதான் வந்துச்சு. ஆல்ஃபா4பீட்டா2-வை அடைக்கிற டைஹைட்ரோ பீட்டா எரித்ராய்டின் குடுத்தா எலியோட ஓட்டம் குறையுது, ஆல்ஃபா7-ஐ அடைக்கிற எம்எல்ஏங்கிற மருந்து குடுத்தா பெருசா குறையல.

நம்ம கடல்ல கிடைக்கிற திருக்கைக்கும் சிப்பிக்கும் இதுக்கும் சம்மந்தம் உண்டாமே, நெசமா?

நெசந்தான். இந்தக் கேள்வி கேட்டது தங்கச்சிமடத்துல ஒரு பத்தாவது படிக்கிற பையன், அவனுக்கு சொன்னதை அப்படியே எழுதுறேன்.

மடி வலையில சில நேரம் ஒரு திருக்கை வரும், கையில எடுத்தா சுரீர்னு ஷாக் அடிக்கும். அந்த ஷாக் அடிக்கிற திருக்கை இனத்தோட மின் உறுப்புல இந்த ரிசப்டர் கொத்துக் கொத்தா அடுக்கி இருக்கும், வேற எந்த உடம்புலயும் இவ்வளவு நெருக்கமா கிடைக்காது. 1905-ல லாங்லிங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி நிக்கோட்டினை தசையில வச்சுப் பார்த்துட்டு "வாங்கிக்கிற ஒரு பொருள்" செல்லுல இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. ஆனா அதைத் தனியா பிரிச்சு எடுக்க 1970 வரைக்கும் ஆச்சு, ஷாங்ஜோன்ங்கிற பிரெஞ்சுக்காரர் மின் விலாங்குல இருந்து எடுத்தாரு. அதுக்கு அப்புறம் இதோட வடிவத்தையும் ஜீனையும் படிச்சது எல்லாம் பெரும்பாலும் மின் திருக்கையை வச்சுத்தான். அது தசை வகை ரிசப்டர், மூளையில இருக்கிறது அதோட தாயாதி.

அந்த விலாங்குல இருந்து பிரிக்க எதைத் தூண்டில் மாதிரி போட்டாங்க தெரியுமா, பாம்பு விஷத்தை. நம்ம ஊரு கட்டுவிரியனோட சொந்தக்காரப் பாம்பு ஒண்ணு தைவான் பக்கம் இருக்கு, அதோட விஷத்துல இருக்கிற பங்காரோடாக்சின் தசை ரிசப்டர்லயும் ஆல்ஃபா7-லயும் இறுக்கமா ஒட்டும், ஆல்ஃபா4பீட்டா2-ல ஒட்டவே ஒட்டாது. மூளையில ரெண்டு வகையும் வேற வேற இடத்துல இருக்குன்னு பிரிச்சுக் காட்டுனது அந்த விஷம்தான்.

மூணாவது கூம்பு சங்கு. மன்னார் வளைகுடாவுல இதோட குடும்பத்துல பல வகை இருக்கு, அழகா பூ வேலை செஞ்ச மாதிரி இருக்கும், ராமேஸ்வரம் கடையில அதோட ஓடு மட்டும் விப்பாங்க. உயிரோட இருந்தா தயவு செஞ்சு கையில எடுக்காதீங்க, ஈட்டி மாதிரி ஒரு பல்லை எறிஞ்சு விஷம் ஏத்தும், சில வகை ஆளையே கொன்னுடும். இந்தக் குடும்பத்துல ஒண்ணோட விஷத்துல இருந்து பிரிச்ச எம்2ங்கிற கோனோடாக்சின் ஆல்ஃபா3 இருக்கிற சில வகையையும் ஆல்ஃபா6 இருக்கிற சில வகையையும் மட்டும் அடைக்கும். அதை எலியோட விடிஏக்குள்ள துளி விட்டா நிக்கோட்டினால வர்ற டோபமைனும் குறையுது, ஓட்டமும் குறையுது, மறுபடி வேணும்ங்கிற தேட்டமும் குறையுது. அப்படித்தான் ஆல்ஃபா6-க்கும் இதுல பெரிய பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது. நம்ம வலையில வர்றதையும் வலைக்குப் பயந்து ஒதுங்குறதையும் வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, எனக்கு இதை சொல்றப்ப எல்லாம் ஒரு பெருமைதான்.

அப்ப ஆல்ஃபா7 சும்மாவா இருக்கு?

சும்மா இல்ல, அது வேலை செய்யுற இடம் வேற. விடிஏவுல டோபமைன் செல்லைப் பிடிச்சு நிறுத்துற காபா செல் இருக்கு, அதுல பீட்டா2 வகை. தள்ளி விடுற குளூட்டமேட் நரம்பு நுனி இருக்கு, அதுல ஆல்ஃபா7. பீடி இழுத்து நிக்கோட்டின் வந்ததும் ரெண்டும் திறக்கும், ஆனா காபா செல்லுல இருக்கிற பீட்டா2 வகை நிமிசக்கணக்குல களைச்சு மூடிக்கும், இதுக்கு டிசென்சிடைசேஷன்னு பேரு. ஆல்ஃபா7 அந்த அளவு நிக்கோட்டினுக்கு அவ்வளவா களைக்காது. நங்கூரத்தைத் தூக்கியாச்சு, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு, படகு எங்க நிக்கும்? அந்த நேரத்துல குளூட்டமேட்டுக்கும் டோபமைன் செல்லுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு இறுகிப் போகுது, பாடம் மனப்பாடம் ஆகுற மாதிரி. நிக்கோட்டின் சில மணி நேரத்துல இறங்கிடும், இந்த இறுக்கம் இறங்காது. என்எம்டிஏங்கிற குளூட்டமேட் ரிசப்டரை முன்கூட்டியே அடைச்சுட்டு நிக்கோட்டின் குடுத்தா எலிக்கு சென்சிடைசேஷனே ஏறாதுங்கிறதும் இதோட ஒத்துப் போகுது.

கரையில இருக்கிறப்ப நினைப்பே வரல, படகுல ஏறுனதும் வெறி பிடிக்குதே, அது ஏன்?

இதுதான் என்கிட்ட அதிகம் பேர் கேட்டது. எலிக்கு எந்தக் கூண்டுல வச்சு ஊசி போட்டமோ அந்தக் கூண்டுலதான் ஓட்டம் ஜாஸ்தி. வேற கூண்டுக்கு மாத்திட்டா குறைஞ்சுடும். மூளை நிக்கோட்டினை மட்டும் படிக்கல, அது வந்த இடம், வாசம், சத்தம் எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சுக்குது.

பெரியப்பாவுக்கு அந்தக் கூண்டு படகு. டீசல் வாசம், ஐஸ் பெட்டி மேல உட்கார்றது, வலையை இறக்கிட்டு ராத்திரி முழிச்சுக் காத்துக் கிடக்கிற அந்த நேரம், 30 வருசமா அங்கதான் பீடி. அதுவும் விசைப்படகு வாரத்துக்கு மூணு நாள்தான் கடலுக்குப் போகும், திங்கள், புதன், சனி. ஒருநாள் ரெண்டு நாள் விட்டு விட்டு, அதே இடத்துல, அதே நேரத்துல. எலிக்கு சென்சிடைசேஷன் ஏத்தணும்னா நாங்க போடுற அட்டவணையும் கிட்டத்தட்ட இதேதான்! பெரியப்பா வீட்டுலயும் குடிச்சாகதான், ஆனா கடல்ல குடிக்கிற மாதிரி இல்ல. 61 நாள் கரையில இருந்தப்ப அந்தக் கூண்டு இல்ல, அதனால தேட்டமும் இல்ல. நாங்க என்னமோ மனசு மாறிட்டாகன்னு நினைச்சோம்.

ராபின்சன், பெரிட்ஜ்னு ரெண்டு பேர் 1993-ல சொன்ன ஒரு விளக்கம் இங்க உதவும். பிடிக்கிறது வேற, வேணும்ங்கிறது வேற, சென்சிடைசேஷன்ல ஏறுறது "வேணும்"தான், "பிடிக்குது" ஏறுறதே இல்ல. பெரியப்பா சொல்லுவாக, "பீடியில ஒரு ருசியும் இல்லத்தா, ஆனா கை தானா போகுது"ன்னு. அப்ப சாக்கு சொல்றாகன்னு நினைச்சேன்.

61 நாள் விட்டா மூளை சரியாயிருக்கணும் இல்லையா?

ஒரு பாதி சரியாகும். தொடர்ந்து புகைக்கிறவுக மூளையில ஆல்ஃபா4பீட்டா2 எண்ணிக்கை கூடிப் போயிருக்கும், களைச்சு மூடுன கதவுக்குப் பதிலா மூளை புதுக் கதவு வைக்கிற மாதிரி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததுல ஒண்ணு ரெண்டு இழுப்புலயே அந்த ரிசப்டர்ல பாதி நிக்கோட்டினால நிறைஞ்சுடுது, மூணு மணி நேரம் வரைக்கும் அப்படியே நிக்குது, ஒரு முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கும் மேல. காலையில முதல் பீடிக்கு ஏன் அவ்வளவு ருசின்னா, ராத்திரி முழுக்க களைப்பு தெளிஞ்ச கதவு எல்லாம் ஒரே நேரத்துல திறக்குது. விட்டுட்டா இந்தக் கூடுதல் எண்ணிக்கை 6-ல இருந்து 12 வாரத்துல புகைக்காதவுக அளவுக்கு இறங்கிடுதுன்னு பார்த்திருக்காங்க.

ஆனா மேல சொன்ன இறுகுன இணைப்பும் இடத்தோட சேர்த்துப் படிச்ச பாடமும் எண்ணிக்கையோட சேர்ந்து இறங்குறது இல்ல. அதனால 61 நாள் கழிச்சு வர்ற அந்த ஒரு பீடி, பழகாத ஆள் குடிக்கிற ஒரு பீடி இல்ல. இதை யாராவது முன்னாடியே பெரியப்பாகிட்ட சொல்லியிருந்தா முதல் ரெண்டு மூணு நடைக்கு படகுக்கு சொந்தக்காரரான சம்மாட்டிகிட்டயும் கூடப் போறவுககிட்டயும் பேசி படகுல பீடியே இல்லாம பார்த்திருக்கலாம். கரையில இருந்த 61 நாள்ல நாங்க எடுக்க வேண்டிய முயற்சி அதுதான், பாராட்டிக்கிட்டே இருந்துட்டோம்.

சில பேருக்கு மட்டும் ஒட்டவே மாட்டேங்குதே?

ஆல்ஃபா5-னு ஒரு துணைத் துண்டு இருக்கு. நிக்கோட்டின் அளவு மீறிப் போனா "போதும், குமட்டுது"ன்னு சொல்ற பாதை மூளையில ஹேபெனுலாங்கிற இடத்துல இருக்கு, அங்க இதுக்கு வேலை. ஆல்ஃபா5 இல்லாத எலி, சாதா எலி போதும்னு நிறுத்துற அளவையும் தாண்டி எடுத்துக்கிட்டே போகும். மனுசருக்கு இந்த ஜீன் 15-வது குரோமோசோம்ல இருக்கு, அதுல ஒரு மாற்றம் இருக்கிறவுக சராசரியா கூடுதலா புகைக்கிறாங்கன்னு 2008-ல இருந்து தெரியும். ஜீன் மட்டுமே காரணம்னு எடுத்துக்காதீங்க, வீட்டுல யாரு குடிக்கிறாக, எந்த வயசுல ஆரம்பிச்சாகங்கிறதும் சேர்ந்துதான்.

விட்டா பசி தாங்க முடியலை, உடம்பு போடுதே?

ஆமா, அதுக்கும் வேற ஒரு ரிசப்டர் வகை, ஆல்ஃபா3பீட்டா4, மூளையில ஹைபோதலாமஸ்ங்கிற இடத்துல பசியை அடக்குற செல்லைத் தட்டும், 2011-ல எலியில காட்டுனாங்க. கடல்லயே சில நாள் தங்குற தங்கல் கடலுக்குப் போறவுக சோறு இல்லாத நேரத்துல பீடியைப் பிடிக்கிறது இதனாலயும்தான். விட்ட பிறகு பசிச்சா சாப்பிடுங்க.

மாத்திரை, பேட்ச் எல்லாம் எந்தக் கதவுல வேலை செய்யுது?

வெரெனிக்லின்னு ஒரு மாத்திரை, அமெரிக்காவுல 2006-ல அனுமதி குடுத்தாங்க. ஆல்ஃபா4பீட்டா2-ல போய் உட்கார்ந்து கதவைப் பாதி மட்டும் திறக்கும், அதனால ஏக்கம் குறையும், அதே நேரத்துல பீடி குடிச்சாலும் நிக்கோட்டினுக்கு உட்கார இடம் இருக்காது. வழக்கமா 12 வாரம், டாக்டர் சீட்டோடதான், குமட்டலும் விசித்திரக் கனவும் வரலாம். இதுக்கு முன்னோடி சைட்டிசின், ஒரு மஞ்சப் பூ மரத்தோட விதையில இருந்து எடுக்கிறது, பல்கேரியாவுல 1964-ல இருந்தே புழக்கத்துல இருக்கு. பேட்ச்ங்கிறது தோல்ல ஒட்டுறது, நிக்கோட்டினை தோல் வழியா மெதுவா ஒரே சீரா விடும், அந்த பம்ப் வச்ச எலியை நினைச்சுக்கோங்க, திடீர்னு ஏறி இறங்குற உச்சம் இல்லாததுதான் அதோட நல்லது.

மருந்து படகையும் டீசல் வாசத்தையும் மாத்தாது. அதுக்கு ஆளுதான் வேணும், கூட இருக்கிற ஆளு. 1800-112-356-க்கு காசில்லாம கூப்பிடலாம், அரசாங்கத்தோட புகையிலை விடும் உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

எலி ஓடுறதை வச்சு மனுசனைச் சொல்லலாமா?

முழுசா முடியாது. மனுசன் பீடி குடிச்சுட்டு ஓடுறது இல்ல, நம்மகிட்ட இது தேட்டமா, பீடியைப் பார்த்ததும் கண்ணு அங்கேயே நிக்கிறதா வெளிப்படுது. சுண்டெலியும் பெரிய எலியும் கூட ஒண்ணு போல இல்ல, சுண்டெலியில பல இனத்துக்கு ஓட்டம் ஏறுறதை விட மரத்துப் போறதுதான் கூடத் தெரியும். புகையில நிக்கோட்டினைத் தவிர வேற ரசாயனமும் மூளையைத் தொடுது. ஆனா ரிசப்டர் அதேதான், டோபமைன் பாதையும் அதேதான், ஆல்ஃபா4பீட்டா2-க்குன்னு செஞ்ச மாத்திரை மனுசருக்கு வேலை செய்யுதுங்கிறதே பெரிய சாட்சி.

நான் புகைக்கிறது இல்லம்மா, பாசி எடுக்கப் போறப்ப பொகையிலைதான் அதக்கிக்குவேன், எனக்கும் இதேதானா?

ஆமாக்கா, இதேதான். வாய்த் தோல் வழியா போறதால மூளைக்கு ஏற நேரம் கொஞ்சம் கூட ஆகும், புகை பத்து இருபது வினாடியில போயிடும், அவ்வளவுதான் வித்தியாசம், கதவு ஒண்ணுதான். உங்களுக்குக் கூண்டு எதுன்னு நீங்களே சொன்னீங்க, கழுத்தளவு தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி கரையில உட்கார்ந்து கையில துணி சுத்துற அந்த அஞ்சு நிமிசம். கூட வர்ற நாலு பேரும் சேர்ந்து அந்த அஞ்சு நிமிசத்துக்கு மட்டும் வேற ஏதாவது, கடலை மிட்டாயோ கொய்யாவோ, கொண்டு வாங்க. வாய்க்குள்ள வெள்ளையா திட்டு இருக்குன்னு சொன்னீங்களே, அதைத் தள்ளிப் போடாம இந்த வாரமே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில காட்டணும், நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஊர்லதான் இருக்கேன், கூட வர்றேன்.